சின்ன மஞ்சள் குளிசை

யானை வந்தது அப்பாவுக்குத் தெரியாது.

காவல் கொட்டிலுக்குக் கீழே, வரம்பை ஒட்டி, மூன்று உருப்படி நடந்து போயிருக்கின்றன. விடிய நான் போய்ப் பார்த்தபோது தடங்களில் தண்ணீர் ஊறி நின்றது. ஒவ்வொரு தடத்துக்குள்ளும் ஒரு சோற்றுப்பானையை இறக்கி வைக்கலாம். இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் வெட்டு மெசினுக்குச் சொல்ல இருந்த நெல்லில் கால் ஏக்கர் சேற்றோடு சேறாகக் கிடந்தது. பக்கத்து வயல் மாமா யானை வெடி கொளுத்தி, தகரம் தட்டி, தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். அப்பா கொட்டிலில் போர்வையால் தலையை மூடிக்கொண்டு நித்திரை.

"கொப்பர் செத்துப்போனார் எண்டுதான் நினைச்சன், தம்பி. ஏறிப் பாத்தா குறட்டை."

எங்கள் வயல் வன்னியில், முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே. அந்தப் பக்கம் யானையை மறந்து வயல் செய்ய முடியாது. தை மாதத்தில் கதிர் முற்றினால் மணம் காட்டுக்குள் போகும், மணத்தைப் பிடித்துக்கொண்டு அதுகள் வெளியே வரும். அப்பாவுக்கு இதெல்லாம் புதிதில்லை. நாய் காதை ஆட்டினாலே எழும்புகிற மனிசன் அவர். அந்த வருசம் அவருக்கு விடாத இருமல் வேறு. "அண்ணை இருமிக்கொண்டு இருக்கேக்க எனக்கு வெடி எதுக்கு?" என்று மாமா பகிடி விடுவார். உண்மையில் ஐப்பசியில் இருந்து எங்கள் பக்கத்து வயலெல்லாம் அப்பாவின் இருமலை நம்பித்தான் இருந்தது.

அன்றிரவு இருமல் இல்லை. மூன்று நாளாக மருந்து எடுத்திருந்தார்.

சரி, இருமலில் இருந்து தொடங்குகிறேன். அது வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தடிமன்கூட இல்லை. தொண்டைக்குள் ஒரு கோழி இறகை விட்டு ஆட்டுவது போல என்று அப்பா சொல்லுவார். கதைக்கத் தொடங்கினால் வரும், படுத்தால் வரும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னோம். உழவுத் தூசி என்றேன் நான். களைகொல்லி அடித்ததால் வந்தது என்றார் மாமா. பனி என்றார் அம்மா. எங்கள் வீட்டில் கார்த்திகை தொடக்கம் மாசி வரைக்கும் எந்த வருத்தம் வந்தாலும் பனிதான் காரணம். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுத்தார். தூதுவளை, ஆடாதோடை, காட்டுத்தேன், எல்லாம் போனது. ஆவி பிடித்து அப்பாவின் மூக்கு நுனி சிவந்ததுதான் மிச்சம்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காச நோய் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லாமல் செய்யலாம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப் போத்தலைக் கொடுத்து, "ஆழமா இருமித் துப்புங்கோ ஐயா" என்றார்கள். மூன்று மாதம் இருமியே வாழ்ந்த மனிசனுக்கு அந்த நேரம் பார்த்துத் துப்புவதற்கு ஒரு துளி சளி இல்லை. ஒருமாதிரிக் கொடுத்தோம். கிருமி இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். அதோடு நாங்கள் நிம்மதியாகி விட்டோம். அது எங்கள் பிழை. இருமலுக்குப் பெரிய வருத்தம் காரணமில்லை என்று தெரிந்ததும், வேறு என்ன என்று யாரும் யோசிக்கவில்லை.

பொங்கலுக்கு அடுத்த நாள் அம்மா பொறுக்கமாட்டாமல் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்கு அனுப்பினார். ஊர், பெயர் வேண்டாம். எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி ஒன்று. பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கும், நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டும். எங்கள் நம்பர் 47. உள்ளே போய் வெளியே வர இரண்டு நிமிடம் எடுத்திருக்கும். டொக்டர் குழாய் வைத்துப் பார்த்தார். "வேற வருத்தம் ஏதும் இருக்கே?" என்று கேட்டார். கேட்காமல் விட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்பா, "ஒண்டும் இல்லை" என்றார்.

அப்பாவுக்கு ஆறு வருசமாகப் பிறசர். மாதா மாதம் கிளினிக் போகிறார். வெளியே வந்ததும், "ஏனப்பா பிறசர் இருக்கெண்டு சொல்லேல்லை?" என்று கேட்டேன். "பிறசர் ஒரு வருத்தமே?" என்றார். கிளினிக் கொப்பி வீட்டில் அலுமாரிக்குள், காணி உறுதியோடு, பொலித்தீன் பையில் பத்திரமாக இருந்தது.

கிடைத்த மருந்து இவ்வளவு. சின்னப் பிளாஸ்ரிக் பை ஒன்றில் மஞ்சள் குளிசை. இன்னொன்றில் கொஞ்சம் பெரிய வெள்ளைக் குளிசை. மூன்றாவதில் கப்சூல். பிறகு ஒரு போத்தல் பாணி மருந்து. பைகளின் மேல் நீலப் பேனாவால் 1-1-1 என்று எழுதியிருந்தது. வேறு ஒரு எழுத்தும் இல்லை. அந்த நேரம் அது எனக்கு உறுத்தவும் இல்லை. என் வாழ்க்கையில் நான் வாங்கிய குளிசைப் பைகள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. எத்தனை, எத்தனை நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா: இதற்கு மேல் கேட்டால் டொக்டருக்குப் படிப்பிக்க வந்தவன் மாதிரி ஆகிவிடும் என்ற கூச்சம் எங்களுக்கு இருக்கிறது.

மருந்து வேலை செய்தது. அப்படித்தான் நினைத்தோம். இருமல் பாதியாகக் குறைந்தது. அப்பாவும் பாதியாகக் குறைந்தார். சோற்றுக்கு முன்னால் இருந்து தூங்கினார். வாய் காய்கிறது என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். இரண்டாம் நாள் இருட்டுகிற நேரம் முற்றத்தில் நின்று, "மாடு கட்டியாச்சோ?" என்று அம்மாவைக் கேட்டார்.

எங்களிடம் மாடு இல்லை. 2009இல் சண்டைக்குள் விட்டுவிட்டு ஓடினோம், அதற்குப் பிறகு வாங்கவில்லை. அம்மா ஒரு கணம் திகைத்து நின்றுவிட்டு, "கட்டியாச்சு" என்றார். வேறு என்ன சொல்வது? களைப்பில் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் இரவு யானை வந்தது. நாலாம் நாள் காலையில் இருந்து அப்பாவுக்குச் சலம் போகவில்லை.

அதைச் சொல்ல அவருக்கு வெட்கம். மத்தியானம் வரைக்கும் கிணற்றடிக்கும் வேலிக்கும் நடந்துகொண்டே இருந்தார். யானை மிதித்த கவலையாக்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். பின்னேரம் வியர்த்துக் கொட்டி, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். தொட்டுப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே தேங்காய் மாதிரித் திரண்டு கல்லாக இருந்தது. ஓட்டோ பிடித்தோம். ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணித்தியாலம். வழியில் ஒவ்வொரு குழியிலும் ஓட்டோ விழ விழ அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார்.

சலக்குழாய் போட்டதும் பை நிரம்புகிற சத்தம் கேட்டது. முகம் எப்படி மாறியது என்று நான் எழுதினால் நம்ப மாட்டீர்கள். ஒரு லீற்றரைத் தாண்டியது. பெரிய ஆள் ஒருவரின் சலப்பை சாதாரணமாக அரை லீற்றர் அளவில் நிறைந்துவிடும். அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் அவர் தாங்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

அங்கே இருந்த இளம் டொக்டர்தான் முதலில் சரியான கேள்வியைக் கேட்டார். "ஐயா தடிமனுக்கு, இருமலுக்கு ஏதும் மருந்து எடுத்தவரோ?"

நான் ஷொப்பிங் பையைக் கட்டிலில் கொட்டினேன். அவர் மஞ்சள் குளிசையை விரலால் உருட்டிப் பார்த்தார். "இது பிரிட்டன்" என்றார். போத்தலைத் திருப்பி, லேபலில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தார். டைபென்ஹைட்ரமின். "ரெண்டும் ஒரே சாதி, தம்பி. ஒண்டே போதும் இவருக்கு." வெள்ளைக் குளிசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு திரும்பப் பைக்குள் போட்டார். வெள்ளைக் குளிசை உலகத்தில் ஆயிரம் இருக்கிறது.

பிரிட்டனை எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. பனடோலுக்கு அடுத்த சொந்தக்காரன் அதுதான். தும்மினால் பிரிட்டன், சொறிந்தால் பிரிட்டன், குளவி குத்தினால் பிரிட்டன். உள்ளே இருப்பது குளோர்பெனிரமின், ஒரு குளிசையில் 4 மில்லிகிராம். ஒவ்வாமை வந்தால் உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமினைத் தடுப்பது அதன் வேலை. ஆனால் அது பழைய தலைமுறை மருந்து, வேலியைத் தாண்டிப் போய் மேய்கிற மாடு. மூளைக்குள் போய் அங்கேயும் ஹிஸ்டமினைத் தடுக்கும்; விழித்திருக்க ஹிஸ்டமின் வேண்டும் என்பதால் நித்திரை வரும். இன்னொரு பக்கம் அசெற்றைல்கோலின் என்ற இன்னொரு சுரப்பையும் மறிக்கும். எச்சில் ஊற, குடல் அசைய, சலப்பை சுருங்க, ஞாபகம் ஒழுங்காக ஓட, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். வாய் காய்ந்தது, மலச்சிக்கல், கண் மங்கல், இல்லாத மாட்டைக் கட்டியாச்சோ என்று கேட்டது, எல்லாம் இந்த ஒரு கணக்கில் வரும். மூன்று நேரம் ஒவ்வொன்று என்றால் 12 மில்லிகிராம். முதியவருக்கு ஒரு நாளுக்கு அதுதான் உச்சம் என்று பிரித்தானிய மருந்துக் கையேட்டில் இருக்கிறது. அப்பா அதற்கு மேல் பாணியில் இருந்த அதே சாதியையும் சேர்த்துக் குடித்திருக்கிறார். குடித்தது சீக்கிரம் போய்விடுவதும் இல்லை. உடம்பில் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். நேற்றுக் குடித்ததன் மேல் இன்று குடித்தது ஏறி உட்காரும்.

அப்பாவுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த நான் குளத்தைத்தான் துணைக்கு எடுத்தேன். வயது போன ஆம்பிளைகள் பல பேருக்குப் புரோஸ்டேட் என்ற சுரப்பி வீங்கிச் சலம் போகும் வழியை நெருக்கிக்கொண்டு இருக்கும். அது துருசு, குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் கதவு, துருப்பிடித்து இறுகின மாதிரி. ஆள் நின்று பலமாகத் திருகினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி போகும், அப்படித்தான் இவ்வளவு காலமும் போனது. இந்த மஞ்சள் குளிசை துருசைத் தொடவில்லை. திருகுகிற ஆளை நித்திரையாக்கி விட்டது.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "வானும் இல்லாத குளம்" என்றார் கடைசியில். இரணைமடுக் குளத்தில் 36 அடிக்குத் தண்ணீர் வந்தால், மிஞ்சினதை வெளியே விட வான் கதவைத் திறக்கலாம். மனிசனுக்கு அந்த வசதி இல்லை.

இதுவரைக்கும் சொன்னது பாதிக் கதைதான். இரண்டாம் நாள் காலை, வாட்டுக்குப் பெரிய டொக்டர் வந்தார். கிளினிக் கொப்பியை இந்த முறை நான் கொண்டு போயிருந்தேன். அவர் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டு போய் ஒரு இடத்தில் நின்றார்.

"எனலப்ரில் எப்ப தொடங்கினது?"

"ஆவணியில மாத்தினவை, டொக்டர்."

"இருமல்?"

"ஐப்பசியில..."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. சிவப்புப் பேனாவால் ஒரு பெயரை வெட்டி, லொசாட்டன் என்று எழுதினார். எனலப்ரில் அப்பாவின் பிறசர் குளிசை, லொசாட்டன் அதற்குப் பதில். இருமலே அந்தக் குளிசையால் வந்தது. குளிசையால் வந்த இருமலுக்குக் குளிசை, அந்தக் குளிசையால் நித்திரை, நித்திரையால் யானை, பிறகு சலக்குழாய். சந்தையில் ஆடு வாங்கப் போனவன், ஆட்டுக்குக் கயிறு, கயிற்றுக்குக் கட்டை, கட்டைக்குக் காணி என்று வாங்கின கதையாகப் போய்விட்டது எங்கள் பாடு.

பிறசர் குளிசை எப்படி இருமலைத் தரும் என்று வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். வாசித்தது ஒரு பாம்புக் கதையில் கொண்டு போய் விட்டது. பிரேசிலில் ஜரராக்கா என்றொரு விரியன் இருக்கிறது. அது கடித்தால் இரத்த அழுத்தம் சடாரென்று விழும். ஏன் என்று சேர்ஜியோ பெரெய்ரா என்ற பிரேசில் ஆராய்ச்சியாளர் தேடினார். அந்த விசத்தில் இருக்கும் ஒரு பொருள், எங்கள் உடம்பில் சுரக்கும் பிராடிகைனின் கரைந்து போகாமல் காக்கிறது என்று 1965இல் எழுதினார். பிராடிகைனின் இரத்தக் குழாய்களை விரிக்கும். அதை அழிக்கிற அதே நொதியம்தான் குழாய்களை இறுக்கும் இன்னொரு பொருளையும் உண்டாக்குகிறது. நொதியத்தைக் கட்டிப்போட்டால் இரண்டு பக்கத்தாலும் அழுத்தம் குறையும். இந்தக் கணக்கை வைத்து ஆய்வுகூடத்தில் கப்டொப்ரில் செய்தார்கள். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனலப்ரில் அதன் தம்பி.

நல்ல மருந்துகள் இவை. இதயத்துக்கும் நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்துக்கும் எவ்வளவோ நன்மை செய்கிறவை. ஆனால் அழியாமல் மிஞ்சுகிற பிராடிகைனின் சுவாசக் குழாயிலும் தேங்கும், அங்கே உள்ள நரம்புகளைக் கிளறும். கோழி இறகு அதுதான். ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கு இந்த வறட்டு இருமல் வரும். பெண்களுக்குக் கொஞ்சம் கூட. குடிக்கத் தொடங்கின கையோடு வந்தால் பிடித்துவிடலாம். சில பேருக்கு மாதக் கணக்கில் கழித்து வரும். அங்கேதான் கோட்டை விடுகிறோம். ஆவணியில் குடித்த குளிசைக்கு ஐப்பசியில் இருமல் வந்தால் எந்த வீட்டிலும் பனியைத்தான் பிடிப்பார்கள். லொசாட்டன் அந்த நொதியத்தைத் தொடாமல் வேறு வாசலால் போவதால் இருமல் அவ்வளவாக வராது.

பாம்புக் கதையை அப்பாவுக்குச் சொன்னேன். "அப்ப நான் இவ்வளவு நாளும் புடையன் விசத்தையே விழுங்கினனான்?" என்று நெஞ்சில் கை வைத்தார். இல்லை, குளிசையில் பாம்பு இல்லை, பாம்பிடம் படித்த பாடம்தான் இருக்கிறது என்று சமாதானம் சொல்ல ஒரு தேத்தண்ணி நேரம் பிடித்தது. அதற்குள் அம்மா, பிறசர் குளிசை ஒன்றும் இனி வேண்டாம், முருங்கையிலை போதும் என்று தீர்மானம் நிறைவேற்றி விட்டார். அதைத் தடுக்க இன்னொரு தேத்தண்ணி. பிறசர் குளிசையைச் சொல்லாமல் நிறுத்தினால் பாரிசவாதம் எந்த நேரமும் வாசலில் வந்து நிற்கும். மாற்றலாம், டொக்டரைக் கேட்டு மாற்றலாம். நிறுத்தக்கூடாது.

வாசிக்கத் தொடங்கினால் நிற்க மனம் வருகிறதா? இருமல் மருந்துகளைப் பற்றி இன்னும் வாசித்தேன். கோடீன் சேர்ந்த பாணி ஒரு காலத்தில் பெரிய மருந்து. கோடீன் ஈரலுக்குள் போய் மோர்பீனாக மாறும். சில பேருக்குப் பிறப்பிலேயே அந்த மாற்றம் மிக வேகம். அந்தப் பிள்ளைகளுக்கு வழக்கமான அளவே மூச்சை அடக்கிவிடும். 2015இல் ஐரோப்பாவும் 2017இல் அமெரிக்காவும் 12 வயதுக்குக் கீழே இருமலுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்தின. மூக்கடைப்புக் குளிசைகளில் சேர்க்கும் சூடோஎபெட்ரின் பிறசரை ஏற்றும், நெஞ்சைப் படபடக்க வைக்கும், துருசையும் இன்னும் இறுக்கும். அதற்குப் பதிலாக வந்த பெனைலெப்ரின் குளிசையாகக் குடித்தால் வெறும் மாவுக் குளிசையைவிட மேலாக ஒன்றும் செய்வதில்லை என்று 2023இல் அமெரிக்க ஆலோசனைக் குழு ஒன்று முடிவு சொன்னது. டெக்ஸ்ட்ரோமெதோர்பன் என்ற இருமல் அடக்கி, மனச்சோர்வுக்குக் குளிசை எடுக்கிறவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம். வன்னியில் அப்படிக் குளிசை எடுக்கிறவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. அவர்கள் அதை வெளியே சொல்வதும் இல்லை.

2025 ஐப்பசியில் மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் செத்த செய்தியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் செய்த பாணி. அதில் டைஎதிலீன் கிளைக்கோல் கலந்திருந்தது. அது பக்க விளைவு இல்லை, நஞ்சு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது என்றுதான் இங்கே சொல்கிறேன். ஆனால் அந்தச் செய்தி வந்த கிழமை எங்கள் ஒழுங்கையில் இருந்த தாய்மார் எல்லாம் போத்தலைத் திருப்பி லேபல் வாசித்தார்கள். அது வரைக்கும் ஒருவரும் வாசித்ததில்லை, நானும்தான்.

பிள்ளைகள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. "இந்தப் பாணி நல்லது, குடுத்தா பிள்ளை விடியுமட்டும் எழும்பாது" என்று ஒரு தாய் பஸ்ஸில் இன்னொரு தாய்க்குச் சொன்னதை என் காதால் கேட்டேன். நித்திரை கொள்ள வைப்பதுதான் அந்த மருந்தின் பக்க விளைவு. அதையே குணமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிரித்தானியாவில் 2009இல் இருந்து ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கடைப் பாணிகளைக் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள். பிரிட்டனின் சாதியில் வருகிற புரோமெதசின் இரண்டு வயதுக்குக் கீழே கூடவே கூடாது, மூச்சு அடங்கிவிடும். ஒரு வயது தாண்டின பிள்ளைக்கு இரவில் ஒரு கரண்டி தேன், இருமலுக்கு அந்தப் பாணிகளுக்குக் குறைந்ததில்லை. நல்ல காட்டுத்தேன் கிடைக்கிற மண்ணில் இருந்துகொண்டு நாங்கள் கலர் தண்ணிக்குக் காசு கொடுக்கிறோம். ஒரு வயதுக்கு முன் தேனும் கூடாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பா மூன்றாம் நாள் வீடு வந்தார். சலக்குழாய் எடுத்துத் தானாகப் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் என்றொரு கப்சூல், இரவில் ஒன்று. அதை வாங்கும்போது அப்பா கவுண்டர் கம்பிக்குள் முகத்தை விட்டு, "இதின்ர பேர் என்ன? இது என்ன கெடுதல் செய்யும்?" என்று கேட்டார். பின்னால் நின்றவர்கள் முறுமுறுத்தார்கள். உள்ளே நின்ற பிள்ளை கோபிக்கவில்லை. "படுத்து எழும்பேக்க தலை சுத்தும் ஐயா, மெல்ல எழும்புங்கோ" என்றது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கொட்டில் ஏணியில் ஏழு படி.

ஆக, அந்தப் போகம் முடியும் வரைக்கும் கொட்டிலில் படுத்தது நான். வெட்டு முடிந்து, நெல்லை மூட்டை கட்டி, மாசி பாதியில் ஒரு நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது அம்மா திடீரென்று, "இருமல் எங்க?" என்றார். நாங்கள் மூன்று பேரும் காது கொடுத்துக் கேட்டோம். குளிசை மாற்றி நாலாவது கிழமை. அது எந்த நாள் போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் டின்னை இறக்கினோம். எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது, மருந்து டின். மிஞ்சின குளிசை எல்லாம் அதற்குள் போகும். அம்மா ஒன்றையும் எறிய விட மாட்டார். அதை நான் பழிக்கவும் மாட்டேன். 1990களில் வன்னிக்குள் மருந்து வருவதற்குத் தடையும் கட்டுப்பாடும் இருந்த காலத்தில், காய்ச்சலில் கிடந்த அக்காவுக்கு இரண்டு பனடோலுக்காக நாலு வீடு ஏறி இறங்கினவர் அவர். குளிசை என்றால் அவருக்குப் பவுண் மாதிரி. 2022இல் ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லாமல் போனபோது, "பாத்தியே, நான் சொன்னனான்" என்று டின்னைத் தட்டிக் காட்டினார்.

பாயில் பேப்பர் விரித்துக் கொட்டினோம். முப்பது நாற்பது பைகள். 1-1-1, 1-0-1, 0-0-1. சிலதில் பேனா மை அழிந்து அதுவும் இல்லை. வெள்ளை, ரோஸ், பாதி சிவப்புப் பாதி கறுப்பு. ஒன்று யாருடையது என்று அம்மா பத்து நிமிடம் யோசித்து, செத்துப்போன பெரியம்மாவுடையது என்றார். மஞ்சள் குளிசை மட்டும் எட்டுப் பையில் இருந்தது. பெயர் தெரிந்த ஒரே குளிசையும் அதுதான். நான் எண்ணத் தொடங்கி, எழுபதுக்கு மேல் விட்டுவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் பேப்பரோடு சுருட்டினார்.

இரண்டு மூன்று நாள் கழித்துப் பக்கத்து வயல் மாமா படலையைத் திறந்துகொண்டு வந்தார். கொஞ்ச நேரம் நெல் விலை கதைத்தார், பிறகு அப்பாவின் சுகம் கேட்டார். பிறகு அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, எனக்கு இப்ப இரவில நித்திரையே இல்லை. அண்டைக்கு அண்ணை யானை வந்ததும் தெரியாமல் படுத்தாரே, அந்தக் குளிசை இருந்தா ரெண்டு தாவன்" என்றார்.

அம்மா எழும்பிப் போய் டின்னைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் திறந்து வைத்தார். உள்ளே ஊசியும் நூல் கட்டையும் பொத்தானும் இருந்தன.